நாலு சேர்ந்தால் பசு

மாசி பிறந்துவிட்டால் எங்கள் தருமபுரி மாவட்டத்தில் தெருவுக்கு இரண்டு திண்ணையிலாவது புளி தட்டும் சத்தம் கேட்கும். சாலையோரப் புளிய மரங்களுக்கு வெள்ளையடித்து எண் போட்டிருப்பார்கள். நெடுஞ்சாலைத் துறையும் ஊராட்சிகளும் அந்த மரங்களின் மகசூலை வருஷா வருஷம் ஏலம் விடும். ஏலம் எடுத்தவர் உலுக்கி மூட்டை கட்டுவார். வியாபாரி அதை வாங்கி வீடு வீடாக இறக்கிவிட்டுப் போவார். ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கொட்டையை எடுத்துக் கொடுப்பது பெண்களின் வேலை. கூலி கிலோ கணக்கு. கொட்டையும் வீணாகாது. தோல் நீக்கி மாவாக்கி நூலுக்குக் கஞ்சி போட ஆலைகள் வாங்கிக்கொள்ளும். ஆனால் மூட்டை தராசில் ஏறுவதற்கு முன்னால் ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு கை கொட்டை காணாமல் போகும். போனது முழுக்க விளையாட்டுக்குத்தான்.

நான் பாப்பாரப்பட்டிப் பக்கத்துக்காரி. அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது பஸ்ஸிலும், ரேஷன் கடை வரிசையிலும், ராத்திரி தூக்கம் வராத நேரத்திலும் போனில் வண்ணக் கட்டம் அழிக்கும் ஆட்டம் ஆடுகிறேன். சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என்று கட்டங்கள் நெருக்கமாக நிற்கும். ஒரே நிறம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் தொட வேண்டியது. அவை மறையும், மேலே உள்ளவை கீழே சரியும், சரிந்ததில் புதுசாக நிறங்கள் சேரும். கதை கிடையாது, சண்டை கிடையாது. “ரிட்டயர் ஆனவங்க ராமாயணம் படிப்பாங்க, நீ என்னம்மா கலர் கட்டைய நோண்டிட்டு இருக்கே” என்று என் மகன் கேட்கிறான். அவனுக்குச் சொல்ல வேண்டிய பதில் கொஞ்சம் நீளம். சீதையும் அதில் வருகிறாள்.

பல்லாங்குழியிலிருந்து தொடங்குகிறேன். பக்கத்துக்கு ஏழாகப் பதினாலு குழி. வசதியான வீட்டில் மரப்பலகை இருக்கும், இல்லாத வீட்டில் மண்தரையில் குழி தோண்டிச் சாணம் மெழுகியிருப்பார்கள். தெற்கே சோழியும் மஞ்சாடியும் போட்டு ஆடுவார்களாம், எங்களுக்குப் புளியங்கொட்டைதான். எங்கள் ஆயா குழிக்கு ஐந்து போடுவாள், ஆக எழுபது. உன் பக்கத்துக் குழி ஒன்றை அள்ளி அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கைக்கொட்டை தீர்ந்ததும் அதற்கடுத்த குழியை அள்ளி மறுபடி ஓட்டம். அடுத்த குழி காலியாக இருந்தால் ஓட்டம் நின்றது. அந்தக் காலிக் குழியை விரலால் தடவிவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் இருப்பதை அள்ளிக்கொள்ளலாம். அடுத்தடுத்து இரண்டு குழி காலி என்றால் ஒன்றும் கிடையாது, எதிராளிக்கு ஆட்டத்தைக் கொடுத்துவிட வேண்டும்.

இதற்கு நடுவே ஒரு விதி உண்டு. என் கட்டுரைக்கு அதுதான் முக்கியம். ஓட்டத்தில் எந்தக் குழியிலாவது கொட்டை சரியாக நாலு ஆகிவிட்டால் அது பசு. யார் ஓட்டினாலும் சரி, குழிக்காரி அதை எடுத்துக்கொள்வாள். முதல் சுற்றில் எல்லாக் குழியிலும் ஐந்து இருப்பதால் உடனே பசு விழாது. ஒரு முறை காலியான குழியில்தான் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறி நாலாகும். ஆகவே ஆடுகிறவளின் கண் நிறைந்த குழியில் இருக்காது. மூன்று இருக்கிற குழியில் இருக்கும். நாலாவது கொட்டை விழுகிற நேரத்தில் எதிரே இருப்பவள் “பசு!” என்று கத்தி, ஓட்டுகிறவள் கை நகர்வதற்குள் அள்ளிவிடுவாள். கவனிக்காமல் விட்டால் அடுத்த சுற்றில் ஐந்தாகிப் போய்விடும். அப்புறம் கேட்டால் கிடைக்காது.

போன் ஆட்டத்தில் மூன்று சேர்ந்தால் மறையும், சிலவற்றில் இரண்டே போதும். பல்லாங்குழியில் நாலு. ஒன்று சேர்ந்தது மறைந்து இடம் காலியாகிறது, காலியான இடத்தால் அடுத்த சேர்க்கை அமைகிறது. ஒரே கையில் குழி குழியாக ஓட்டம் நிற்காமல் போகும்போது பார்க்கிற பிள்ளைகளெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்போம். ஒரு தொடலில் நாலு அடுக்கு சரிந்து தானாக மறையும்போது போனில் வருவதும் அதே பரபரப்புதான்.

இந்த ஆட்டம் தமிழர்களுக்கு மட்டும் சொந்தம் என்று மார் தட்ட முடியாது. எங்கள் மாவட்டத்திலேயே கன்னடம் பேசும் வீடுகளில் இது அளிகுளி மணே, தெலுங்கு பேசும் வீடுகளில் வாமன குண்டலு. இலங்கையில் ஒலிந்த கெளிய, மலேசியாவில் சொங்காக். ஆப்பிரிக்காவில் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஆட்டங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் கியூலின் 1890களிலேயே இதை ஆப்பிரிக்காவின் தேசிய விளையாட்டு என்று எழுதினார்.

நம் பக்கத்து ஆட்டங்களை ஒழுங்காகத் தொகுத்தவர் ஞா. தேவநேயப் பாவாணர். அவருடைய ‘தமிழ்நாட்டு விளையாட்டுகள்’ 1954இல் வந்தது. 1944 முதல் 1956 வரை அவர் சேலம் நகராட்சிக் கல்லூரியில் தமிழாசிரியர். தருமபுரி அப்போது சேலம் மாவட்டத்துக்குள் இருந்தது. 1965 அக்டோபர் 2இல்தான் தனி மாவட்டமானது. ஆண்கள் ஆடுவது, பெண்கள் ஆடுவது, இருவரும் ஆடுவது என்றும், பகலில் ஆடுவது, இரவில் ஆடுவது என்றும் அவர் வகை பிரித்து எழுதியிருக்கிறார். வேர்ச்சொல் ஆராய்ச்சியில் மூழ்கிய பெரிய மனிதர், சிறுமிகள் குழியில் முத்துப் போடும் விதிகளை உட்கார்ந்து எழுதினார் என்பதே எனக்கு மரியாதையாக இருக்கிறது. அவரைச் சொல்லாராய்ச்சிக்காக மட்டும் கொண்டாடுகிறவர்கள் இந்த நூலைத் தொடுவதே இல்லை.

பிறகு தொ. பரமசிவன். ‘அறியப்படாத தமிழகம்’ நூலில் பல்லாங்குழியைப் பற்றி ஒரு கட்டுரை உண்டு. எல்லாக் குழியிலும் சமமாகத் தொடங்கி, ஒருத்தியிடம் குவிந்து, இன்னொருத்தி வெறுங்கையோடு நிற்பதில் போய் முடிகிற இந்த ஆட்டத்தில் தனிச்சொத்து பிறந்த கதையை அவர் பார்த்தார். முதன்முதலாகப் படித்தபோது இது கொஞ்சம் அதிகம் என்று தோன்றியது. பிறகு ஆயா தோற்ற நாட்களை நினைத்துப் பார்த்தேன். முதல் சுற்றில் குறைவாக எடுத்தவள் அடுத்த சுற்றில் தன் கொட்டையால் எத்தனை குழி நிரம்புமோ அத்தனையைத்தான் நிரப்ப முடியும். மீதிக் குழியில் ஒரு குச்சியைப் போட்டு அடைத்துவிடுவார்கள். குழி குறையக் குறைய ஓட்டுவதற்கு வழியும் குறையும். ஒரே ஒரு குழியை வைத்துக்கொண்டு ஆடுவதைப் பார்க்கப் பாவமாக இருக்கும். அதிலிருந்து மீண்டு வந்தவர்களும் உண்டு, ஆனால் அரிது. தொ.ப. சொன்னது சரிதான்.

இப்போது சீதை. பல்லாங்குழிக்குப் பாண்டி என்றும் பேர். எதிரே உட்கார ஆள் இல்லாதவர்களுக்கு என்று ஒரு பாண்டி இருக்கிறது. அசோகவனத்தில் சீதை தனியாக ஆடியது என்று கதை சொல்லி அதற்குச் சீதைப் பாண்டி என்று பேர் வைத்திருக்கிறார்கள். வயதுக்கு வந்து ஓலைக்குடிசையில் தனியாக உட்காரவைக்கப்பட்ட பெண்ணுக்கும், புருஷன் வெளியூர் போன வீட்டுக்காரிக்கும் அது துணை. ஆயா எனக்குப் போட்டுக் காட்டிய விதம் இது. ஒரே வரிசையில் ஏழு குழி. இடமிருந்து வலமாக 7, 6, 5, 4, 3, 2, 1 என்று கொட்டை போடு. மொத்தம் இருபத்தெட்டு. ஏழு இருக்கிற குழியை அள்ளி, அடுத்த குழியிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போய், கடைசிக் கொட்டையைத் தொடங்கிய குழியிலேயே போடு. இப்போது வரிசையைப் பார்: 1, 7, 6, 5, 4, 3, 2. அதே படிக்கட்டு, ஒரு குழி தள்ளி நிற்கிறது. மறுபடி ஏழு இருக்கும் குழியை அள்ளிப் போடு: 2, 1, 7, 6, 5, 4, 3. ஏழு தடவை செய்தால் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும்.

இதில் வெற்றி தோல்வி எங்கே இருக்கிறது? கிடையாது. தப்பாகப் போட்டால் படிக்கட்டு கலையும், அவ்வளவுதான். பள்ளிக்கூடம் போகாத ஆயாவுக்கு இந்தச் சுழற்சி கைப்பாடமாக இருந்தது. நான் கல்லூரியில் வரிசைமாற்றங்களைப் படித்தபோதுதான் அது கணக்கு என்று எனக்குப் புரிந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைப் போட்டுக் காட்டி, எட்டுக் குழி இருந்தால் எத்தனை கொட்டை வேண்டும் என்று கேட்பேன். புளியங்கொட்டையைத் தொட்டு யோசித்த பிள்ளை முப்பத்தாறு என்று சீக்கிரம் சொல்லும்; நோட்டை மட்டும் பார்த்த பிள்ளை திணறும்.

ஆகவே தனியாக உட்கார்ந்து கட்டம் கலைப்பதை இந்தக் காலத்துச் சோம்பேறித்தனம் என்று சொல்பவர்கள் முதலில் சீதையிடம் பேசிக்கொள்ளட்டும்.

நிறத்துக்கும் கொட்டையிலேயே வழி இருந்தது. தாயம் ஆட நாலு கொட்டையை எடுத்து, ஒரு பக்கத்தை மட்டும் கருங்கல்லில் தேய்த்தால் பழுப்புத் தோல் போய் வெள்ளைப் பருப்பு தெரியும். குலுக்கிப் போட்டு எத்தனை வெள்ளை என்று எண்ண வேண்டியது. ஒரே ஒரு வெள்ளை விழுந்தால் தாயம், அது விழுந்தால்தான் காய் கட்டத்துக்குள் இறங்கும். இரண்டு பக்கமும் சமமாக விழும் என்று வைத்துக்கொண்டால் பதினாறில் நாலு வாய்ப்பு. ஆனால் தேய்த்த பக்கம் தட்டையாகிவிடுமே, பிறகு சமமாக எப்படி விழும்? நல்ல தாயக்கொட்டை வைத்திருந்த பெரியம்மா ஒருவர் எங்கள் தெருவில் இருந்தார். அவர் கொட்டையை யாருக்கும் இரவல் தந்ததில்லை. காரணம் இப்போது புரிகிறது.

கடையில் விற்ற ஆட்டம் எங்கள் பக்கம் வந்தது 1990களில். தருமபுரி குமாரசாமிப்பேட்டை முருகன் கோயில் தைப்பூசத்துக்கு, பெண்கள் வடம் பிடிக்கும் தேரைப் பார்க்க ஊரே கூடும். அந்தத் திருவிழாக் கடைகளில் வளையல், பீப்பீ, தண்ணீர்த் துப்பாக்கி ஆகியவற்றோடு சாம்பல் நிறத்தில் ஒரு சீனத்துப் பெட்டி தொங்க ஆரம்பித்தது. அதன் மேல் 9999 ஆட்டம் என்று போட்டிருக்கும். அத்தனையும் ஒன்றுதான்: மேலிருந்து செங்கல் விழும், வரிசை நிரம்பினால் அழியும். இரண்டு பென்சில் பேட்டரி போட்டால் வாரக்கணக்கில் ஓடும். நிறம் கிடையாது, சாம்பல் திரையில் கறுப்புக் கட்டம். என் மகனுக்கு வாங்கிக் கொடுத்தது அவனிடம் இருந்ததைவிட என் மாமியாரிடம்தான் அதிக நாள் இருந்தது.

அதன் மூலம் டெட்ரிஸ். 1984இல் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் வேலை பார்த்த அலெக்ஸி பஜித்னோவ் எழுதியது. அவருடைய எலெக்ட்ரோனிகா 60 கணினிக்குப் படம் காட்டவே தெரியாது. அடைப்புக்குறிகளை வைத்துக் கட்டம் போட்டார். ஐந்து சதுரங்களை ஒட்டி அமைக்கும் பென்டோமினோ என்ற புதிரில் அவருக்குப் பிரியம். ஐந்து என்றால் பன்னிரண்டு வடிவம், தலை சுற்றும். நாலு சதுரமாகக் குறைத்தார், ஏழு வடிவமாயிற்று. அவரும் கடைசியில் நாலில்தான் வந்து நின்றார்!

நிறம் சேர்ப்பது ஜப்பானிலிருந்து வந்தது. குனியாகி மொரிபே என்பவர் 1985இல் செயின் ஷாட் என்ற ஆட்டத்தை எழுதினார். ஒரே நிறம் ஒட்டியிருக்கும் கூட்டத்தைத் தொட்டால் மறையும், மற்றவை சரியும். 1992இல் அது சேம்கேம் என்ற பெயரில் மறுபிறவி எடுத்து, லினக்ஸ் கணினிகளில் இலவசமாகவே பரவியது. இன்று போனில் இருக்கும் வண்ணக் கட்ட ஆட்டங்களில் பெரும்பகுதிக்கு அதுதான் முப்பாட்டன். பொருளை இடம் மாற்றி மூன்று சேர்க்கும் இன்னொரு கிளை 1994இல் ரஷ்யாவில் ஷாரிக்கி என்று தொடங்கி, 2001இல் பிஜுவல்ட், 2012இல் கேண்டி கிரஷ் என்று உலகம் சுற்றியது.

செயின் ஷாட்டின் பேரன் எங்கள் பள்ளிக் கணினி அறையிலும் இருந்தான். 2011 செப்டம்பர் 15 முதல் அரசு மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்த பிறகு பிள்ளைகள் வீட்டுக்கும் போனான். பெண் பிள்ளைகள் மதிய உணவு நேரத்தில் வண்ண உருண்டைகளை அழித்துக்கொண்டிருப்பார்கள். திட்டப் போன நான் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன், அதன் மதிப்பெண் முறையைப் பார்த்து. சேர்ந்த உருண்டைகளின் எண்ணிக்கையில் இரண்டைக் கழித்து, வருவதை வர்க்கமாக்க வேண்டும். மூன்று உருண்டைக்கு ஒன்று. ஐந்துக்கு ஒன்பது. ஐந்து ஐந்தாக இரண்டு தடவை அழித்தால் பதினெட்டு; பொறுத்திருந்து பத்தையும் ஒன்றாகச் சேர்த்து அழித்தால் அறுபத்து நாலு. இரண்டுக்கு ஒன்றுமே இல்லை. வர்க்கத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. ஒன்பதாம் வகுப்பில் இதை வைத்தே ஒரு பாடவேளை நடத்தினேன்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. அதற்குப் பிறகு கதை எல்லா ஊருக்கும் ஒன்றுதான். எங்கள் மாவட்டத்துக்கு மட்டும் ஒரு காரணம் கூடுதல் என்று நினைக்கிறேன். 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தருமபுரி. சுமார் 68 விழுக்காடு. மாநிலத்தின் அளவு 80. பெங்களூரில் கட்டட வேலை பார்க்கும் மகன், புதுப் போன் வாங்கியதும் பழையதை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போகிறான். அந்த அம்மாவுக்கு அதில் இருக்கும் எழுத்து ஒன்றும் தெரியாது. சிவப்பு தெரியும், பச்சை தெரியும். எங்கள் தெருவில் புளி தட்டும் அக்கா ஒருத்தி இப்படித்தான் கற்றுக்கொண்டாள். பச்சைப் பட்டனைத் தொட்டால் ஆட்டம் தொடங்கும், மூலையில் இருக்கும் பெருக்கல் குறியைத் தொட்டால் விளம்பரம் போகும். என் கணக்குப் படிப்பெல்லாம் அவளிடம் செல்லாது, இரண்டு நிறத்தில் எதை முதலில் எடுத்தால் மற்றது தானாகச் சேரும் என்பதை என்னைவிடச் சீக்கிரம் கண்டுபிடிக்கிறாள்.

“உனக்கு எப்படிக்கா தெரியுது?”

“கொட்டை பொறுக்குற கை டீச்சர். சொத்தை எது, நல்லது எதுன்னு கண்ணு முன்னாடியே பார்த்துடும்.”

அவள் சொன்னதில் விஷயம் இருக்கிறது. புளி வேலை முடிவே இல்லாத வேலை. ஒரு மூட்டை முடிந்தால் வியாபாரி இன்னொன்றை இறக்குவார். எடுத்த கொட்டை ஒரு பக்கம், ஓடு ஒரு பக்கம், நார் ஒரு பக்கம் என்று குவியும். முறம் காலியாகும், உடனே நிரம்பும். ஆட்டத்தில் மட்டும்தான் காலியானது காலியாகவே நின்று, “முடித்துவிட்டாய்” என்று சொல்லும். நாள் முழுக்க பிரித்துப் பொறுக்கிய கை ராத்திரியும் பிரித்துப் பொறுக்குவதையே விளையாட்டாகக் கேட்பது விசித்திரமாகத் தெரியலாம். பல்லாங்குழியும் தாயமும் இந்தத் திண்ணைகளில் இதே கைகள் ஆடியவைதான்.

கண்ணை மூடினாலும் கட்டம் விழுவது எனக்கும் உண்டு. ஹார்வர்டில் ராபர்ட் ஸ்டிக்கோல்டும் உடனிருந்தவர்களும் 2000இல் சயன்ஸ் இதழில் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். டெட்ரிஸ் ஆடியவர்களுக்குத் தூக்கம் வரும் நேரத்தில் கட்டங்கள் விழுவது தெரிந்தது. நினைவு இழந்த நோயாளிகள் சிலருக்கு, தாங்கள் அந்த ஆட்டத்தை ஆடியதே ஞாபகமில்லை, அவர்களுக்கும் தெரிந்தது. ஆயா இதைப் பங்குனி மாதத்தில் சொல்வாள்: “கண்ண மூடுனா கொட்டையா வருது பாப்பா.”

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. இன்றைய ஆட்டத்தில் எதிரே உட்கார்ந்திருப்பது கடைக்காரர். நாலு கட்டம் அழிந்ததும் விளம்பரம். சில ஆட்டங்களில் ஐந்து முறை தோற்றால் காத்திருக்க வேண்டும், அல்லது காசு கொடுத்து உயிர் வாங்க வேண்டும். அடைத்த குழியைத் திறக்கப் பணம் கேட்கிற பல்லாங்குழியைத் தொ.ப. பார்த்திருந்தால் என்ன எழுதியிருப்பார்! நான் விளம்பரத்தைப் பொறுத்துக்கொள்கிறேன். காசு கேட்கும் ஆட்டத்தை அழித்துவிடுகிறேன். அந்த அக்காவுக்கும் அதையே சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

போன் ஆட்டத்தின் விதிகள் எங்கும் போய்விடாது, அதை எழுதியவனிடம் பத்திரமாக இருக்கும். பல்லாங்குழி விதிகளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. எங்கள் ஆயா குழிக்கு ஐந்து போட்டாள். அரூரிலிருந்து வந்த என் மருமகள் வீட்டில் ஆறு. எங்களுக்குப் பசு குழிக்காரிக்கு, அவர்களுக்கு ஓட்டுகிறவளுக்கு. பாவாணர் ஒருவராக எத்தனை ஊரைத்தான் எழுத முடியும்? உங்கள் வீட்டில் எழுபது தாண்டிய பெண்மணி யாராவது இருந்தால் இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள்: குழிக்கு எத்தனை, எந்தப் பக்கமாக ஓட்டுவது, பசு யாருக்கு, இரண்டு குழி காலியானால் என்ன, தோற்றவள் எப்படித் திரும்ப வருவாள், தனியாக ஆடும் பாண்டி தெரியுமா. ஊர்ப் பெயரையும் தேதியையும் போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இரண்டு பக்கத்துக்கு மேல் வராது.